இருபத்தொன்பது பேர் தோற்ற கதை

மேலிடத்துக் கல்வி அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு படிவமாவது வரும். கழிப்பறைகள் எத்தனை, மின்விசிறிகள் எத்தனை, மரங்கள் எத்தனை என்று கேட்பார்கள். பள்ளியின் எழுத்தராக இருந்த ஆபீசம்மா, போன மாதம் எழுதியதையே பார்த்து எழுதி அனுப்பிவிடுவாள். மரத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிப் போடுவாள். வளர்ச்சி தெரிய வேண்டுமல்லவா?

அந்தத் திங்கட்கிழமை வந்த படிவத்தை அப்படி நிரப்ப முடியவில்லை. காலாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில், கணக்குப் பாடத்தில், நாற்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் தோற்றிருந்தார்கள். ‘பின்னடைவுக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். அதில் நாலு வரி எழுத இடம் இருந்தது. அதற்குக் கீழே ‘பொறுப்பானவர் பெயர்’ என்று ஒல்லியாக ஒரு கட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், ‘ஒரு பெயர் மட்டும்.’ வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டுமாம்.

படிவத்தைப் படித்ததும் ஆபீசம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த இருபத்தொன்பது பேரில் அவள் மகளும் ஒருத்தி. நூற்றுக்குப் பதினோரு மார்க். பள்ளி அலுவலகத்தில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருப்பவளின் பெண் பதினோரு மார்க் வாங்கினால், அந்த மார்க்குப் பட்டியலையும் அவளே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், எப்படி இருக்கும்? மகளின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரமும் வீட்டில் திட்டு ஓயவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனாள். அவரைப் பள்ளியில் எல்லோரும் பெரிய சார் என்பார்கள். தங்கமான மனிதர். சண்டை என்றால் மட்டும் ஆகாது. அவர் அறையில் இரண்டு பேர் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தால், மூன்றாவது வாக்கியத்துக்குள் அவருக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும். சண்டை முடிந்தபிறகுதான் கை துடைத்துக்கொண்டே வருவார்.

“நீங்களே எல்லார்கிட்டயும் விசாரிச்சு ஒரு பேரை எழுதிடுங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டுடறேன்,” என்றார்.

“யார் பேரை சார் எழுதறது?”

பெரிய சார் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். “யார் மனசும் புண்படாத மாதிரி ஒரு பேரு.”

முதலில் கணக்கு ஆசிரியரிடம் போனாள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மீதி சார். பாதிக் கணக்கில் மணி அடித்துவிடும். “மீதி நாளைக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். ஆசிரியர்கள் அறையில் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது முதல் பத்தாவது வரை ஆறு வகுப்புகளுக்கும் அவர் ஒருவர்தான் கணக்கு.

“மேடம், நான் ஒரு கேள்வி கேக்கறேன். பின்னம் தெரியாத பிள்ளைக்கு இயற்கணிதம் எப்படி ஏறும்? அடித்தளமே இல்ல. ஆறாவதுல என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு போய்க் கேளுங்க.”

ஆறாவது டீச்சரிடம் போனாள். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். “வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் எங்கேர்ந்து பின்னம் நடத்தறது? ஏழெட்டு எவ்ளோன்னா, ‘சுமாரா அம்பது டீச்சர்’ங்குது. சுமாராவாம்! அஞ்சாவது வரைக்கும் அங்க என்ன பண்றாங்கன்னு போன் போட்டுக் கேளுங்க.”

ஆபீசம்மா இரண்டு தெரு தள்ளியிருந்த ஆரம்பப் பள்ளிக்குப் போன் போட்டாள். அங்கே எடுத்த அம்மா பாதியிலேயே குறுக்கிட்டாள்.

“எங்ககிட்ட வரும்போது அதுங்களுக்குப் பென்சில் புடிக்கத் தெரியல, மூக்கு சிந்தத் தெரியல. மூக்கு சிந்தவே ஒரு வருஷம் போச்சு. வீட்ல அம்மாவும் அப்பாவும் என்ன பண்றாங்க? அவங்களைப் போய்க் கேளுங்கம்மா.”

ஆபீசம்மா போனை வைத்தாள். அம்மாவும் அப்பாவும் என்றால் அவள்தான், அவள் புருஷன்தான். சுற்றி வளைத்துப் பழி தன் வீட்டு வாசலுக்கே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

புதன்கிழமை மதியம் பெற்றோர் கூட்டம். பெரிய சார் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்லி அவளை மேசை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார். பெற்றோராகவும் அவள் வர வேண்டும். அதனால் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்த் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

முதலில் முடிதிருத்தும் கடைக்காரர் எழுந்தார். அவர் பையன் எட்டு மார்க்.

“சார், நான் படிக்காதவன். ஒரு கேள்வி. கணக்கு சார் ‘மீதி நாளைக்கு, மீதி நாளைக்கு’ன்னு சொல்றாராமே? அந்த நாளை என்னைக்கு சார் வரும்? நான் பாதித் தலையை வெட்டிட்டு மீதி நாளைக்குன்னு சொன்னா யாராவது விடுவாங்களா?”

கூட்டம் சிரித்தது. மீதி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க ஒரு நாளாவது பையனை உக்காத்தி வெச்சு நோட்டைப் பாத்திருக்கீங்களா?”

“பாத்தேனே! வெள்ளையாதான் இருந்துச்சு. அவ்ளோ சுத்தமா வெச்சிருக்கானேன்னு சந்தோஷப்பட்டேன்.”

சலவைக் கடை வைத்திருந்த ஒரு தாய், போன்தான் காரணம் என்றாள். இன்னொருவர் பெஞ்சு உயரம் சரியில்லை என்றார். பின்வரிசையில் ஒரு தகப்பன், “எங்க காலத்துல அடி விழும், படிச்சோம்,” என்றார். “நீங்க எந்த வகுப்பு வரைக்கும் படிச்சீங்க?” என்று யாரோ கேட்டார்கள். “ஏழாவது,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆபீசம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தாள். ‘வீட்டில் பெற்றோர் கவனிப்பதில்லை என்று ஆசிரியர் தெரிவித்தார்’ என்று எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் தடுமாறியது.

குரல்கள் ஏறின. பெரிய சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கழிவறைக்குப் போகும் வழியைப் பெற்றோர் அடைத்துக்கொண்டு நின்றதால் வேறு வழியில்லாமல் பேசினார்.

“ஒரு நல்ல விஷயமும் சொல்லணும். ஒழுக்கத்துல உங்க பிள்ளைங்கதான் முதல். இந்த வருஷம் வாராவாரம் அமைதிக் கேடயம் ஒன்பது பிக்குத்தான். அந்த வகுப்பு வழியா நடந்து போனா மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காது.”

“அவ்ளோ அமைதியா உக்காந்து கேக்கற பிள்ளைங்க எப்படி சார் ஃபெயிலாகும்?” என்றார் முடிதிருத்துபவர்.

பெரிய சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் அத்துடன் முடிந்தது.

அன்று மாலை வீட்டில் ஆபீசம்மா புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கணக்கு அவளுக்கு உன் பக்கத்துலேர்ந்துதான் வரல,” என்றார் முதலில். அவள் பார்த்த பார்வையில் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். “இல்ல, எங்க தொழில்ல நடக்கறதைச் சொல்றேன். லிஃப்ட் நின்னுடுச்சுன்னு கூப்பிடுவாங்க. போனா பத்து பேர் நின்னுட்டு, கடைசியா பட்டனை அமுக்கினது யாருன்னு சண்டை போட்டுட்டிருப்பாங்க. கரண்ட் இருக்கான்னு ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க.”

“இங்க என்னங்க கரண்ட்டு?”

“எனக்கென்ன தெரியும்? நோட்டை எடுத்துப் பாரு.”

மகளின் கணக்கு நோட்டை எடுத்தாள். முதல் பதினேழு பக்கம் கணக்கு. அப்புறம் வெள்ளை. முடிதிருத்துபவர் சந்தோஷப்பட்ட அதே வெள்ளை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஓர் அட்டவணை இருந்தது. மேலே ‘திங்கள் 3, செவ்வாய் 5, வியாழன் 2, வெள்ளி 6.’ பக்கவாட்டில் முதல் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பெயர்கள். ஒரு பெயருக்கு மேல் ‘படி’, இன்னொன்றுக்கு மேல் ‘ஜன்னல்’.

“இது என்னடி?”

மகள் எட்டிப் பார்த்தாள். “கிளாஸ் சுத்தம் பண்ற டியூட்டிம்மா.”

“ஜன்னலைத் துடைப்பீங்க, சரி. படியை எதுக்குத் துடைக்கறீங்க?”

“படியிலயும் தூசி இருக்கும்ல.”

“கணக்குப் பீரியட்லயா?”

மகள் நோட்டை மூடப் போனாள். பி பிரிவுக்குத் திங்கள் மூன்றாவது பீரியட் கணக்கு என்பது ஆபீசம்மாவுக்கு மனப்பாடம். செவ்வாய் ஐந்தாவதும் கணக்கு. வியாழன் இரண்டாவதும் அதேதான். கால அட்டவணையைத் தட்டச்சு செய்தவளே அவள்தானே.

“அந்த பீரியட்ல சார் வராரா இல்லையா?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

“வாரத்துக்கு ஆறு பீரியட்ல ரெண்டுக்கு வருவாரு.”

“மீதி நாலு?”

“யாரும் வர மாட்டாங்க.”

“எத்தனை நாளா?”

“ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து.”

ஆபீசம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “தினம் வந்து கேட்டேனேடி, கணக்கு நடந்துச்சான்னு!”

“கணக்குப் பீரியட் நடந்துச்சுன்னுதானேம்மா சொன்னேன். அது பொய் இல்லையே.”

கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. சத்தம் போட்டால் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பாள். எட்டிப் பார்த்தால் வகுப்பில் ஆளில்லை என்று தெரிந்துவிடும். அதனால் அந்த நாலு பீரியடும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்மானம். எல்லாம் சைகைதான். சிரிப்பு வந்தால் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் மாடிப்படியில் காவல், ஒருத்தர் ஜன்னலில். படியில் இருப்பவர் இருமினால் எல்லோரும் புத்தகத்தைத் திறந்து குனிந்துகொள்வார்கள். அப்படித்தான் அமைதிக் கேடயம் வந்து சேர்ந்தது.

அத்தனை கோபத்திலும் ஆபீசம்மாவுக்குத் தொழில் புத்தி விடவில்லை. விரலை வைத்து அட்டவணையைச் சரிபார்த்தாள். ஒரு பெயரும் இரண்டு முறை வரவில்லை. ஒரு கட்டமும் காலியாக இல்லை.

“இதுல உன் பேரு எங்கடி?”

“நாலு பீரியட், ரெண்டு ரெண்டு பேரு, வாரத்துக்கு எட்டு. அஞ்சு வாரத்துக்கு நாப்பது பேர் போதும்மா. கிளாஸ்ல நாப்பத்தொண்ணு. ஒருத்தர் மிஞ்சுவாங்க.”

“அந்த ஒருத்தர் நீயா?”

“லிஸ்ட் போடறவளுக்கு அதுகூட இல்லன்னா எப்படி?”

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. ஆபீசம்மா அவர் தலையில் தட்டிய தட்டில் கொஞ்சம் மகளுக்குச் சேர வேண்டியதும் இருந்தது. ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினாள். பொறுப்பானவர் பெயர் கிடைத்துவிட்டது. மீதி சார்.

வியாழக்கிழமை காலை முதல் ஆளாகப் பள்ளிக்குப் போனாள். மீதி சாரைக் கையும் களவுமாகப் பிடிக்க ஆதாரம் வேண்டுமே! ஒன்பது ஏ, ஒன்பது பி இரண்டு வகுப்புகளின் கால அட்டவணைகளையும் எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

திங்கள் மூன்றாவது பீரியட்: ஏ பிரிவில் கணக்கு. பி பிரிவிலும் கணக்கு. இரண்டுக்கும் நேரே மீதி சார் பெயர்.

செவ்வாய் ஐந்தாவது: அதே. வியாழன் இரண்டாவது, வெள்ளி ஆறாவது: அதே.

தட்டச்சு செய்தவள் அவள். ஒரே மனிதரை ஒரே நேரத்தில் கீழ்த்தளத்திலும் மாடியிலும் பாடம் நடத்த அனுப்பியது அவள். ஆபீசம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. மேசையில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மை இருந்தது. அதன் மூடியைத் திறந்தே விட்டாள். மை காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. அதையும் வாங்கி வைக்க வேண்டியவள் அவள்தான்.

சரி, முதலில் தவறைத் திருத்துவோம் என்று பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தாள். பி பிரிவின் திங்கள் மூன்றாவதை நாலாவதுக்கு நகர்த்தினால் பத்தாவது இடித்தது. பத்தாவதை நகர்த்தினால் எட்டாவது இடித்தது. இரண்டு மணி நேரத்தில் தாள் கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் வெட்கத்தை விட்டு, மதிய இடைவேளையில் மகளைக் கூப்பிட்டனுப்பினாள்.

மகள் நின்றபடியே தாள்களைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“பத்தாவது ரெண்டுக்கும் ஆறாறு, ஒன்பதாவது ரெண்டுக்கும் ஆறாறு, எட்டாவது ரெண்டுக்கும் அஞ்சஞ்சு. மொத்தம் முப்பத்திநாலு பீரியட் வேணும்மா. ஒரு நாளைக்கு ஆறு பீரியட், அஞ்சு நாளுக்கு முப்பது. சார் மூச்சு விடாம நடத்தினாலும் முப்பதுதான். நீ எங்க தூக்கி வெச்சாலும் நாலு தொங்கும்.”

பதினோரு மார்க் வாங்கிய பெண் இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆபீசம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம்வரை இரண்டு கணக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு ஆள் கேட்டு மேலிடத்துக்கு மூன்று கடிதம் போயிற்று. மூன்றையும் தட்டச்சு செய்தவள் அவளேதான். மூன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில்.

“போய்ச் சாப்பிடு,” என்றாள் மகளிடம். அப்புறம், “போன் பீரோல இருக்கு. சாயங்காலம் எடுத்துத் தரேன்,” என்றாள்.

படிவத்தையும் இரண்டு கால அட்டவணைகளையும் மூன்று கடித நகல்களையும் எடுத்துக்கொண்டு, வழியில் மீதி சாரையும் அழைத்துக்கொண்டு பெரிய சார் அறைக்குப் போனாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பை முதலில் சொன்னாள்.

“எனக்கு அது எப்பவோ தெரியும் மேடம்,” என்றார் மீதி சார் தரையைப் பார்த்துக்கொண்டே. “ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல என் பேரு. ஒண்ணு கீழ, ஒண்ணு மாடியில. முழங்கால் இருக்கற நிலைமைக்குக் கீழயே போயிட்டேன்.”

“ஏன் சார் சொல்லல?”

“சொன்னா மாடிக்கும் போகச் சொல்லிடுவீங்களோன்னுதான். வேற யாரையோ ஏற்பாடு பண்ணியிருப்பாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். சத்தமே வரலையே. யாரோ நல்லா நடத்தறாங்க போலன்னு மனசுக்குள்ள பாராட்டினேன்கூட.”

பெரிய சார் கால அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என் கையெழுத்தும் இருக்கே.”

“ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கு சார்.”

“படிச்சுப் பாத்துட்டா போட்டேன்?”

“போன்ல பேசிக்கிட்டே போட்டீங்க சார்.”

பெரிய சார் மெல்ல எழுந்தார். கழிவறைப் பக்கம் திரும்பினார். பதினான்கு வருடத்தில் செய்யாத ஒன்றை அன்று ஆபீசம்மா செய்தாள். இரண்டு எட்டு வைத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“சார், உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். மீதி சாரும் தன்னைத்தான் சொன்னாள் என்று நினைத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எதுக்கும்மா இதெல்லாம்?” பெரிய சார் குரல் தாழ்ந்து வந்தது. “அடித்தளம் சரியில்லன்னு எழுதிட்டா முடிஞ்சு போச்சு. அடித்தளத்தைப் பாக்க யாரு வரப்போறா?”

“சார், ரெண்டு வாரமா என் பொண்ணை முட்டாள்னு திட்டியிருக்கேன். இருபத்தொன்பது வீட்லயும் இதேதான் நடந்திருக்கும். ஆறு பீரியட்ல ரெண்டு நடத்தியிருக்கோம். அதுக்குப் பதினோரு மார்க் அவ நியாயமாத்தான் வாங்கியிருக்கா.” கையிலிருந்த படிவத்தை நீட்டிக் காட்டினாள். “அந்தப் பன்னெண்டு பேரு எப்படிப் பாஸ் பண்ணினாங்கன்னு கேட்டிருந்தா மேலிடத்துக்குப் புண்ணியமாப் போயிருக்கும்.”

 எப்படியாவது பேச்சு தன் முழங்காலை விட்டு வேறு பக்கம் போக வேண்டும் என்பதற்காகத்தான் மீதி சார் அதைச் சொன்னார். “நம்ம சாரும் கணக்குப் பட்டம்தானே மேடம்?”

இருவரும் பெரிய சாரைப் பார்த்தார்கள்.

“நான் கணக்கு நடத்தி ஒன்பது வருஷம் ஆச்சு,” என்றார் அவர் அவசரமாக. “சாக்பீஸ் எனக்கு ஒத்துக்காது. தும்மல் வரும்.”

“நாலு பீரியட்தானே சார்,” என்றாள் ஆபீசம்மா. வாசலை விட்டு அவள் நகரவில்லை.

அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, “நாலுதானே,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை படிவத்தை நிரப்பும் முன் மேலிடத்துக்குப் போன் போட்டாள். “எழுத்தர் பேரை எழுதலாமா சார்?” என்று கேட்டாள்.

“அலுவலகப் பணியாளர் கல்விக்குப் பொறுப்பில்லைம்மா. ஏத்துக்க மாட்டோம்.”

“தலைமை ஆசிரியர் பேரு?”

“கையெழுத்துப் போடறவரே பொறுப்பானவரா இருக்க முடியாது. வேற யாராவது?”

“காலியா இருக்கற கணக்கு ஆசிரியர் இடத்தை எழுதலாமா? நீங்கதான் நிரப்பணும்.”

மறுமுனையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்தார். “லைன் சரியா கேக்கலம்மா,” என்று வைத்துவிட்டார்.

ஆபீசம்மா பேனா முனையைத் துடைத்துக்கொண்டு, பொடியிலும் பொடியாக அந்த ஒல்லிக் கட்டத்தில் எழுதினாள். தன் பெயர், மீதி சார் பெயர், பெரிய சார் பெயர், கடைசியில் நிரப்பப்படாத பணியிடம், மூன்று கடித நகல்கள் இணைப்பு. நாற்பத்தொரு பேரையும் சேர்க்க ஆசைதான். இடமில்லை. பெரிய சார் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, முதல் முறையாக ஒரு காகிதத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து, ‘ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருப்பதால் படிவம் ஏற்கப்படவில்லை’ என்று திரும்பி வந்தது. அவள் அதைக் கோப்பில் போட்டுக் கட்டினாள். அந்த வருடம் முழுக்கப் புது ஆசிரியர் யாரும் வரவில்லை.

திங்கள் மூன்றாவது பீரியட். மாடிப்படியில் காவல் இருந்த பையன் பெரிய சார் ஏறி வருவதைப் பார்த்து இருமினான். உள்ளே நாற்பது தலைகள் குனிந்தன. வழக்கம்போலக் கடந்து போய்விடுவார் என்று காத்திருந்தார்கள். அவர் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, சாக்பீஸை எடுத்து ஒரு தும்மல் போட்டார்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு கரும்பலகையில் பெரிது பெரிதாக எழுதினார். ஐந்தடிப் பக்கமுள்ள சதுர அறை. ஒவ்வொரு பக்கத்தின் நீளத்திலும் மூன்றடி குறைத்துவிட்டால் பரப்பு எவ்வளவு? சூத்திரம் எழுதினார். கடைசியில் கூட்டல் போட வேண்டிய இடத்தில் கழித்தல் விழுந்துவிட்டது. இருபத்தைந்தில் முப்பதைக் கழித்து, அதிலிருந்து ஒன்பதையும் கழித்தார். மைனஸ் பதினாலு சதுர அடி என்று வந்தது. அவர் அதன் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டார்.

வகுப்பு மூச்சு விடவில்லை. முன்வரிசையில், பாஸான பன்னிரண்டு பேரில் ஒருத்தி, இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்கே வைத்துக் கூட்டல் குறி காட்டினாள். ஐந்து மாதச் சைகைப் பழக்கம். பெரிய சாருக்குப் புரியவில்லை. ஏதோ சாபம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆபீசம்மாவின் மகள் எழுந்தாள். “சார், ஒரு சந்தேகம்.”

“கேளும்மா.”

“மைனஸ் பதினாலு அடி ரூமுக்குள்ள நாற்காலி போட்டா, நாற்காலி காணாமப் போயிடுமா சார்?”

 பின்பெஞ்சில் யாரோ கைக்குட்டையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. சிரிப்பு வெடித்தது. நாற்பது பேரும் ஐந்து மாதமாக அடக்கிவைத்ததை ஒரே மூச்சில் சிரித்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வாசலில் வந்து நின்றவள், பெரிய சாரும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

“சரி, எங்க தப்பு?” என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வந்து திருத்துங்க யாராவது.”

ஏழு பேர் ஒரே நேரத்தில் கரும்பலகைக்கு ஓடினார்கள்.

அடுத்த வாரம் அமைதிக் கேடயம் ஒன்பது ஏவுக்குப் போயிற்று. பி பிரிவில் யாரும் அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பெரிய சார் தப்புப் போடுவார், பிள்ளைகள் பிடிப்பார்கள். அவரை மாட்டிவைப்பதற்காகவே சிலர் முந்தின நாள் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜனவரி வாக்கில் அவர் தப்புப் போடுவது குறைந்துபோனது. அதற்குள் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் மீதி சார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். படியில் காவல் இருந்த பையன்களே அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆண்டுத் தேர்வில் பி பிரிவில் கணக்கில் தோற்றவர்கள் ஆறு பேர். ஆறும் ஆறுதான், மேலிடம் அதற்கும் ஒரு படிவம் அனுப்பக்கூடும். முடிதிருத்துபவரின் பையன் முப்பத்தாறு வாங்கியதற்கு அவர் மீதி சாருக்கு இலவசமாக முடி வெட்டிவிட்டார். முழுத் தலையையும் ஒரே நாளில்.

ஆபீசம்மாவின் மகள் நாற்பத்தெட்டு. அவள் அதோடு விடவில்லை. பதினேழாவது கணக்கில் தனக்கு அரை மார்க் வர வேண்டும் என்று விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு நேரே பெரிய சார் அறைக்குள் போனாள். ஆபீசம்மா தன் மேசையில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் மகள் குரல் உயர்ந்தது. அப்புறம் பெரிய சார் குரலும் உயர்ந்தது. கழிவறைக் கதவு திறக்கும் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மகள் விரல் முழுக்கச் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்தாள்.

“என்னடி ஆச்சு? அரை மார்க் குடுத்தாரா?”

“எனக்கு ஒரு விடை வருது, சாருக்கு வேற விடை வருது, புத்தகத்துல மூணாவதா ஒண்ணு இருக்கு,” என்றாள் மகள். “சாப்பிட்டுட்டு வந்து மறுபடி போடலாம்னு சொல்லியிருக்காரு.”

அம்மாவின் மேசையில் இருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உட்காரக்கூட நேரமில்லாமல், நின்றுகொண்டே வேக வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.